வெளிநாட்டு வைத்தியசாலைகளில் 5எஸ், கைசென் படிப்பிக்கப் போகும் அரச உத்தியோகத்தர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலையிடத்தைச் சீராக்கும் 5எஸ், வேலை நடக்கும் விதத்தைத் திருத்தும் கைசென் ஆகிய ஜப்பானிய முறைகளைப் படிப்பிக்க, இலங்கைச் சுகாதார சேவையில் உள்ளவர்கள் வளவாளர்களாக ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போய்வருவது புதிய விஷயமல்ல. ஆனாலும் அழைப்புக் கடிதம் கைக்கு வந்ததும் டொக்டர், தாதி, எழுதுவினைஞர் என்று யாராக இருந்தாலும் ஏறக்குறைய இதே சந்தேகங்களோடுதான் வருகிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கு தொகுத்திருக்கிறோம். அதிகமானோர் போவது கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு என்பதால் உதாரணங்கள் பெரும்பாலும் தன்சானியாவைச் சுற்றியே இருக்கும்.

ஜப்பான்காரரின் முறையை ஆப்பிரிக்காவில் படிப்பிக்க இலங்கையிலிருந்து ஏன் ஆள் போகவேண்டும்?

கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலைதான் காரணம். அங்கு 2000ஆம் ஆண்டில், பணிப்பாளராக இருந்த டொக்டர் விமல் கரந்தகொட 5எஸ் முறையைத் தொடங்கினார். அது தொழிற்சாலைகளில் வளர்ந்த முறை. நெரிசலும் பணத்தட்டுப்பாடும் உள்ள ஓர் அரச மகப்பேற்று வைத்தியசாலையில், இருக்கிற ஆட்களை வைத்தே அதை நடத்திக் காட்டினார்கள்.

2007இல் ஜப்பானின் சர்வதேச ஒத்துழைப்பு நிறுவனமான ஜைக்கா எரித்திரியா, கென்யா, மடகஸ்கார், மலாவி, நைஜீரியா, செனகல், தன்சானியா, உகண்டா ஆகிய எட்டு நாடுகளோடு வைத்தியசாலை மேம்பாட்டுத் திட்டமொன்றை ஆரம்பித்தது. 2009இல் இன்னும் ஏழு நாடுகள் சேர்ந்தன. அந்த நாடுகளின் அதிகாரிகள் ஜப்பானில் பாடம் கேட்டதோடு, இலங்கைக்கும் வந்து காசல் வீதியில் நேரில் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொரு நாடும் ஒரு முன்மாதிரி வைத்தியசாலையில் வேலையைத் தொடங்கியது. தன்சானியாவில் அது ம்பேயா, உகண்டாவில் டொரோரோ.

ஜப்பானிய வைத்தியசாலையைப் பார்த்தவர் “அவர்களிடம் காசு இருக்கிறது, செய்கிறார்கள்” என்று சொல்லிவிட்டு எழும்பிவிடலாம். காசல் வீதியைப் பார்த்தவருக்கு அப்படிச் சொல்ல வழியில்லை. இலங்கை உத்தியோகத்தரைக் கூப்பிடுவதன் முழுப் பெறுமதியும் இதில்தான் இருக்கிறது. போகிறவர் இதை மறந்து ஜப்பானியத் தொழிற்சாலைப் படங்களைக் காட்டத் தொடங்கினால் அவரைக் கூப்பிட்டதில் பயனில்லை.

5எஸ், கைசென், டிகியூஎம் மூன்றும் ஒன்றுதானே?

இல்லை, ஒன்றின்மேல் ஒன்று நிற்பவை. 5எஸ் இடத்தைச் சீராக்குகிறது: வேண்டாததை அகற்றுவது, வேண்டியதை எடுக்க வசதியாக வைப்பது, துப்புரவு, எல்லோருக்கும் ஒரே நியமம், அதைப் பழக்கமாக்குவது. கைசென் வேலை நடக்கும் விதத்தைத் திருத்துகிறது. பிரச்சினையைத் தெரிவு செய்வது, நிலைமையை அளப்பது, வேர்க்காரணம் தேடுவது, மாற்றுவழி யோசிப்பது, செய்து பார்ப்பது, பலனைச் சரிபார்ப்பது, பலன் தந்ததை நியமமாக்குவது என்று அதற்கு ஏழு படிகள். டிகியூஎம் (முழுத் தர முகாமைத்துவம்) என்பது முழு நிறுவனமும் அந்த வழியில் நிர்வகிக்கப்படும் நிலை.

ஒரு பயணத்தில் மூன்றையும் படிப்பித்து முடிக்க முடியாது. முதற் பயணத்தில் 5எஸ் மட்டும் போதும். கைசென் என்ற பெயரையாவது சொல்லிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டு அரை நாள் ஒதுக்கினால் இரண்டும் அரைகுறையாகும்.

நான் டொக்டர் இல்லை, தாதி உத்தியோகத்தர்தான். என்னை அனுப்புவார்களா?

அனுப்புவார்கள், அனுப்பவும் வேண்டும். நோயாளர் விடுதியில் மாற்றத்தைத் தாங்கிப் பிடிப்பவர்கள் தாதியரும் சிற்றூழியரும்தான். ட்ரொலியை எப்படி அடுக்குவது, அடுத்த ஷிப்ட்டுக்கு எப்படிக் கையளிப்பது என்பதைச் செய்து காட்டக்கூடியவர் அங்குள்ள தாதியருக்கு நேரடியாகப் பயன்படுவார். நல்ல குழு இரண்டு அல்லது மூன்று பேர்: நிர்வாகத்தோடு பேச ஒரு வைத்திய நிர்வாகி, விடுதிக்கு ஒரு தாதி, களஞ்சியத்துக்கும் பதிவேடுகளுக்கும் ஓர் உத்தியோகத்தர்.

அழைப்பு மெயிலில் வந்திருக்கிறது. முதலில் யாரிடம் போவது?

மெயிலோடு எங்கும் போகாதீர்கள். அழைக்கும் நிறுவனத்தின் கடிதத்தாளில், கையொப்பமிட்ட கடிதம் கேளுங்கள். அதில் ஆறு விஷயம் தெளிவாக இருக்கவேண்டும்: உங்கள் பெயரும் பதவியும், வளவாளராக அழைக்கிறார்கள் என்பது, தேதிகள், இடம், என்ன படிப்பிக்கிறீர்கள், விமானச்சீட்டு, தங்குமிடம், சாப்பாடு, காப்புறுதி ஒவ்வொன்றுக்கும் யார் பணம் தருகிறார்கள் என்பது. கடைசி விஷயம் இல்லாத கடிதம்தான் அதிகம் திரும்பி வருகிறது.

பிறகு நிறுவனத் தலைவரின் சிபாரிசோடு, வெளிநாட்டு லீவுக்கான பொது 126 படிவத்தையும் இணைத்து அமைச்சுக்கு அனுப்பவேண்டும். மத்திய அமைச்சின் கீழுள்ள யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் இருப்பவருக்கு ஒரு வழி, மாகாண சபையின் கீழுள்ள பருத்தித்துறை ஆதார வைத்தியசாலையில் இருப்பவருக்கு வேறு வழி. இறுதி அனுமதி யார் தருவது என்பது சுற்றறிக்கைகளோடு மாறும் என்பதால் தாபனக் கிளையில் நடப்பிலுள்ள சுற்றறிக்கையைக் கேட்டுக்கொள்ளுங்கள். பயணத்துக்கு ஆறு வாரம் முன்பே கோப்பு நகரத் தொடங்கவேண்டும். உங்கள் இடத்தில் யார் கடமை பார்ப்பார் என்பதை எழுத்தில் இணைத்தால் பாதிக் கேள்விகள் எழாது.

விசா எடுக்கும்போது சுற்றுலா விசாவைத் தேர்ந்தெடுக்காதீர்கள். படிப்பிப்பதை வேலையாகக் கருதும் நாடுகள் உண்டு. எந்த வகை விசா என்பதை அழைக்கும் அமைச்சே எழுத்தில் சொல்லட்டும்.

தினப்படி யார் தருவது?

அழைப்பவர் தங்குமிடமும் சாப்பாடும் தந்தால் அதே செலவுக்கு நம் அரசிடம் மறுபடி கேட்க முடியாது. சில்லறைச் செலவுக்கான கொடுப்பனவு கிடைக்குமா என்பது அப்போதைய சுற்றறிக்கையைப் பொறுத்தது. வெளியார் தரும் மதிப்பூதியத்தை மறைக்காமல் அறிவித்து, ஏற்கலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி, மலேரியா மாத்திரை எல்லாம் கட்டாயமா? ஒரு வாரம்தானே போகிறேன்.

உகண்டாவுக்குள் போக மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ் வேண்டும். அபாயமுள்ள நாடுகளிலிருந்து இலங்கைக்குத் திரும்பும்போதும் கேட்பார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். முதல் நாள் போட்டுக்கொண்டு ஓடுவதில் அர்த்தமில்லை. ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் போதும் என்ற விதி 2016 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் போட்டுக்கொள்ளலாம்.

மலேரியா மாத்திரையை இங்கு மலேரியா ஒழிப்பு இயக்கம் இலவசமாகத் தருகிறது. அதைத் தவறவிடக்கூடாது. 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது, ஆனால் நோயைப் பரப்பும் நுளம்பு இங்கு இன்னும் இருக்கிறது. ஒருவர் நோயைக் கொண்டுவந்தால் உள்ளூரில் பரவ வாய்ப்புண்டு. திரும்பி வந்தபின் காய்ச்சல் வந்தால், டெங்கு என்று நினைத்து வீட்டில் இருக்காமல், எந்த நாட்டுக்குப் போனீர்கள் என்று சொல்லி இரத்தத்தை மலேரியாவுக்கும் சோதிக்கச் சொல்லுங்கள்.

ம்பேயா போகிறவர்கள் ஸ்வெட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள். அது கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜூன், ஜூலை இரவுகள் நுவரெலியாவை நினைவுபடுத்தும்.

இங்கே காட்டிய பவர்பாயிண்ட்டையே அங்கேயும் காட்டலாமா?

படங்களைக் காட்டலாம், நியமங்களைக் காட்டக்கூடாது. குப்பைத் தொட்டிகளின் நிறத்தைப் பாருங்கள். இலங்கையின் தேசிய நிறக்குறியீட்டில் சிவப்பு கண்ணாடிக் கழிவுக்கு உரியது. தன்சானியாவில் சிவப்பு அதிகத் தொற்றுள்ள கழிவுக்கு உரியது. உங்கள் விடுதிப் படத்தைப் பார்த்து யாராவது சிவப்புத் தொட்டியில் வெறும் மருந்துப் போத்தல்களைப் போடத் தொடங்கினால், அல்லது சிவப்புத் தொட்டியில் கண்ணாடிதானே என்று கையை விட்டால், அந்தத் தவறைப் படிப்பித்தவர் நீங்கள்தான்.

குளோரின் கரைசலும் அப்படியே. 0.5 சதவீதக் கரைசல் வேண்டும் என்பது பொது. ஆனால் கிழக்கு ஆப்பிரிக்காவில் சாதாரணமாகக் கிடைக்கும் 3.5 சதவீதத் திரவமானால் ஒரு பங்குக்கு 6 பங்கு தண்ணீர். 5 சதவீதத் திரவமானால் ஒரு பங்குக்கு 9 பங்கு. “ஒன்றுக்கு ஒன்பது” என்று எழுதிய உங்கள் அட்டையை அங்கே ஒட்டினால் கரைசல் 0.35 சதவீதமாகிவிடும். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. எனவே போகும் முன் அந்த நாட்டின் தொற்றுத்தடுப்பு வழிகாட்டியையும் 5எஸ் வழிகாட்டியையும் வரவழைத்துப் படியுங்கள். தன்சானியா தனக்கென்று தேசிய வழிகாட்டி வைத்திருக்கிறது.

ஐந்து நாள்தான் தந்திருக்கிறார்கள். எதை எப்போது செய்வது?

வகுப்பறையில் ஒன்றரை நாளுக்கு மேல் இருக்காதீர்கள். முதல் நாள் காலை அடிப்படை, மதியம் வைத்தியசாலையைச் சுற்றி நடந்து நிலைமையைப் படமெடுப்பது. படமெடுத்த இடத்தில் தரையில் ஒரு குறி வையுங்கள். பின்னர் அதே இடத்தில் நின்று, அதே கோணத்தில் எடுத்தால்தான் ஒப்பிடலாம். நோயாளியின் முகமோ கட்டில் அட்டையோ விழக்கூடாது. எழுத்தில் அனுமதி வாங்கியபின் மட்டும் கமராவை எடுங்கள்.

இரண்டாம் நாள் காலை குழு அமைப்பு: வைத்தியசாலை முழுவதற்கும் ஒரு தர மேம்பாட்டுக் குழு, தெரிவு செய்த ஒவ்வொரு பகுதிக்கும் 5 முதல் 10 பேர் கொண்ட வேலை மேம்பாட்டுக் குழு. மூன்று பகுதிகளோடு நிறுத்துங்கள். ஒரு விடுதி, மருந்தகம், பதிவேட்டு அறை என்று தெரிவு செய்தால் பலன் சீக்கிரம் கண்ணுக்குத் தெரியும். சத்திரசிகிச்சைக் கூடத்தில் தொடங்கவேண்டாம். அதை நிறுத்தி வைத்துப் பழக முடியாது. அன்று மதியமும் மூன்றாம் நாளும் வேண்டாததைப் பிரித்தெடுப்பது. நான்காம் நாள் அடுக்குவது, பெயரிடுவது, கோடு போடுவது. ஐந்தாம் நாள் ஒவ்வொரு குழுவும் தன் இடத்திலேயே நின்று விளக்கிச் சொல்வது, அடுத்த மூன்று மாதத் திட்டத்தில் பணிப்பாளர் கையொப்பமிடுவது.

கையில் கொண்டுபோகவேண்டியது கொஞ்சம்தான்: அளவுநாடா, நிரந்தர மை பேனாக்கள், வேண்டாத சாமான்களில் கட்டச் சிவப்பு அட்டைகள் 200, கயிறு. தரைக்கு ஒட்டும் நாடா வேண்டாம். தினமும் குளோரின் போட்டுக் கழுவும் சீமெந்துத் தரையில் அது சில வாரங்களில் விளிம்பு கிளம்பி, ட்ரொலிச் சில்லில் சிக்கும். 5 சென்ரிமீற்றர் அகலத்துக்குத் தரைப் பெயிண்ட்தான் நிற்கும். இழுப்பறைத் தடுப்புக்கு மருந்துப் பெட்டி மட்டையை வெட்டிப் பயன்படுத்தலாம், ஆனால் பிளாஸ்ரிக் தாளால் மூடவேண்டும். இல்லாவிட்டால் ஈரம் பிடித்துக் கரப்பான் குடியேறும்.

சிவப்பு அட்டை கட்டிய சாமான்களை எங்கே போடுவது? அவர்களும் அரசாங்கச் சொத்து, தொடமுடியாது என்கிறார்கள்.

அவர்கள் சொல்வது சரி. நம் நாட்டைப் போலவே அங்கும் பதிவேட்டில் உள்ள பொருளைக் கழிக்கச் சட்ட நடைமுறை உண்டு. உடைந்த கட்டிலைக்கூடத் தூக்கி எறிய முடியாது. பயிற்சிக்கு முன்பே பூட்டக்கூடிய ஓர் அறையையோ கூரையுள்ள இடத்தையோ ஒதுக்கித் தரும்படி கடிதத்தில் கேட்டுவிடுங்கள். அது இல்லாமல் மூன்றாம் நாள் வந்தால் எல்லாம் நடைபாதையில் குவியும், மறுவாரம் உள்ளே திரும்பிவிடும்.

ஒவ்வொரு அட்டையிலும் பொருளின் பெயர், பதிவேட்டு எண், எந்தப் பகுதியிலிருந்து வந்தது, தேதி, பிரித்தவரின் பெயர், திருத்துவதா, வேறு பகுதிக்குக் கொடுப்பதா, கழிப்பதா என்ற முடிவு ஆகியவை இருக்கட்டும். 30 நாள் கெடு வையுங்கள். அந்த அறைக்குப் பொறுப்பாகக் கணக்குக் கிளையிலிருந்து ஒருவர் குழுவில் இருந்தால் கழிக்கும் கோப்பு நகரும்.

அடுக்கி வைப்பதில் பிழை விட என்ன இருக்கிறது?

அழகு பார்த்து அடுக்குவதுதான் பெரிய பிழை. பிரசவ அறையை எடுத்துக்கொள்ளுங்கள். குருதிப்பெருக்குக்கான மருந்துகள் எல்லாம் ஒரே தட்டில் இருந்தால் பார்க்க வசதிதான். ஆனால் ஒக்சிடோசின் 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் இருக்கவேண்டியது. அதையும் தட்டில் அடுக்கிவிட்டால் வெப்பத்தில் வீரியம் குறையும். குப்பியின் தோற்றம் மாறாது. தேவைப்படும் நேரத்தில் ஊசி போட்டும் கருப்பை சுருங்காது. தட்டில் ஒக்சிடோசினுக்குரிய குழியை வெறுமையாக விட்டு, “குளிரூட்டி, இரண்டாம் தட்டு” என்று எழுதி வைப்பதே சரி.

ஒரே மாதிரித் தோற்றமுள்ள குப்பிகளைப் பக்கத்தில் வைக்காதீர்கள், அகர வரிசை அப்படிச் சொன்னாலும். காலாவதி முந்தியது முன்னால், பிந்தியது பின்னால். அவசரத் தட்டில் ஒவ்வொரு பொருளின் வடிவத்தையும் கோடாக வரைந்துவிட்டால் எது குறைகிறது என்று ஒரு பார்வையில் தெரியும். ஒவ்வொரு ஷிப்ட்டிலும் எண்ணிக் கையொப்பமிட ஒரு தாளும் அங்கேயே தொங்கவேண்டும்.

எனக்கு சுவாஹிலி தெரியாது. ஆங்கிலத்தில் சொன்னால் விளங்குமா?

டொக்டர்மாருக்கும் தாதியருக்கும் விளங்கும். துப்புரவு ஊழியர், பதிவேட்டு உதவியாளர் பலருக்கு விளங்காது. 5எஸ் நிற்பதும் விழுவதும் அவர்கள் கையில். வகுப்பை அங்குள்ள ஒருவரோடு சேர்ந்து நடத்துங்கள். ஐந்து எஸ்ஸுக்கும் தன்சானியாவில் சொற்கள் உண்டு: சசாம்புவா, செட்டி, சஃபிஷா, சனிஃபிஷா, ஷிகிலியா. சுவரில் இவைதான் இருக்கவேண்டும்.

நேரம் சொல்லும்போதும் கவனம். சுவாஹிலியில் மணி காலை ஆறிலிருந்து எண்ணப்படும். “சா டாட்டு”, அதாவது மூன்று மணி என்றால் காலை ஒன்பது. கூட்ட நேரத்தை எப்போதும் எண்ணில், 09:00 என்று எழுதிவிடுங்கள். இலங்கையைவிட தன்சானியா இரண்டரை மணித்தியாலம் பிந்தியது.

“எங்களுக்கு ஆளும் இல்லை, மருந்தும் இல்லை. 5எஸ் செய்து என்ன?” என்று கேட்டால் என்ன சொல்வது?

நியாயமான கேள்வி. 5எஸ் தாதியரின் எண்ணிக்கையைக் கூட்டாது, வராத மருந்தைக் கொண்டுவராது. இதை முதலிலேயே ஒத்துக்கொள்ளுங்கள். ஆனால் இருக்கும் மருந்து களஞ்சியத்தின் பின்மூலையில் காலாவதியாவதையும், இருக்கும் தாதி ஒரு பொருளைத் தேடி நடக்கும் நேரத்தையும் அது குறைக்கும். சொல்லிக்கொண்டிருக்காமல் அவர்களையே அளக்கச் சொல்லுங்கள்: விடுதியில் பத்துப் பொருட்களின் பெயரைச் சீட்டில் எழுதி, ஒவ்வொன்றையும் எடுத்துவர எவ்வளவு நேரம் என்று கைத்தொலைபேசியில் பார்ப்பது. அடுக்கியபின் அதே பத்தை மறுபடி.

ஆட்குறைப்புக்கு வழி தேடுகிறார்கள் என்ற சந்தேகம் இதன் பின்னால் இருக்கக்கூடும். அப்படி இல்லை என்று அந்த வைத்தியசாலைப் பணிப்பாளர் தன் வாயால் சொல்லவேண்டும். நீங்கள் சொல்வது செல்லாது.

காத்திருக்கும் நேரம் குறைந்தது என்று எப்படி நிரூபிப்பது?

ஒரு துண்டுத்தாளில் நான்கு நேரம் போதும்: பதிந்தது, டொக்டரைக் கண்டது, மருந்தகத்துக்கு வந்தது, மருந்து பெற்றது. ஒவ்வொரு ஐந்தாவது நோயாளியிடமும் துண்டைக் கொடுத்து, திங்கள் முதல் வெள்ளி வரை சேருங்கள். சுமார் 50 துண்டு கிடைத்தால் நல்லது. சராசரியை மட்டும் பார்க்காதீர்கள். ஆய்வுகூட முடிவுக்காக மாலைவரை இருந்த இரண்டு பேர் அதைக் குழப்பிவிடுவார்கள். இடையத்தை எடுங்கள்: நேரங்களை வரிசைப்படுத்தி, 51 துண்டு என்றால் 26ஆவது. மாற்றத்துக்குப் பின்னும் அதே கிழமைகளில் அளக்கவேண்டும்.

நான்கு நேரத்தையும் எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டொக்டரிடம் போகும் வரிசை குறைந்து, அதே கூட்டம் மருந்தக யன்னலில் நின்றால் நோயாளிக்கு எதுவும் மாறவில்லை. நோயாளி வந்தபின் மாத்திரை எண்ணத் தொடங்குவது அங்கு வழக்கமான காரணம். அதிகம் எழுதப்படும் சில மாத்திரைகளை முன்கூட்டியே பொதிகட்டி வைத்தால் வரிசை வேகமாக நகரும். பொதியில் பெயர், அளவு, தொகுதி எண், காலாவதித் தேதி நான்கும் கட்டாயம்.

பணிப்பாளர் முன்வரிசையில் இருந்தால் யாரும் வாய் திறப்பதில்லை. வெளியே போகச் சொல்லலாமா?

சொல்லவேண்டாம். தொடக்க உரைக்கும் ஐந்தாம் நாளுக்கும் அவர் இருக்கட்டும், குழுவேலைக்கு அவருக்கு வேறு பணி கொடுங்கள். குழுக்களில் கருத்தைச் சொல்லச் சொல்லாமல், பெயரில்லாத சீட்டில் எழுதச் சொன்னால் சிற்றூழியரின் கருத்தும் வரும். அவர்கள் எழுதிய ஒன்றையாவது அந்த வாரத்துக்குள் செய்து முடியுங்கள்.

பங்கேற்பவர்கள் தினப்படி கேட்கிறார்கள். நான் என்ன செய்ய?

எதுவும் வாக்குக் கொடுக்காதீர்கள். பல நாடுகளில் பயிலரங்கு என்றால் தினப்படி என்பது நிலைத்த வழக்கம். விடுதியில் பயிற்சி நடத்தச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஹோட்டலில் நடத்தினால் கேள்வி வரும், வேலையிடத்தில் வேலை நேரத்தில் நடத்தினால் அவ்வளவாக வராது. மதியச் சாப்பாட்டுக்கு ஒழுங்கு செய்யும்படி அழைப்பவரிடம் கேட்டுவையுங்கள்.

ஆறு மாதம் கழித்துப் போனால் எல்லாம் பழையபடி. ஏன் இப்படி நடக்கிறது?

முதல் மூன்று எஸ் உற்சாகத்தில் நடந்துவிடும். நான்காவதான நியமத்தில்தான் தடைப்பட்டு நிற்கும். யார், எப்போது, எதைப் பார்ப்பது என்ற ஒரு பக்கத் தாள் இல்லாமல் போனால், முதலில் ஈடுபட்ட விடுதித் தாதி இடமாற்றமானதும் எல்லாம் போய்விடும். அடுத்து, தர மேம்பாட்டுக் குழு மாதம் ஒருமுறை விடுதிக்குப் போய்ப் புள்ளியிடாமல் விடுவது. புள்ளிப் பட்டியல் ஒரு தாளுக்கு மேல் போனாலும் விட்டுவிடுவார்கள்.

வந்துபோனவரால் ஏற்படும் காரணமும் உண்டு. ஐந்து நாளில் படம் அழகாக வரவேண்டும் என்று வளவாளரே முன்நின்று அடுக்கினால் அந்த ஒழுங்கு அவருடையதாகிவிடும். எந்தத் தட்டில் எதை வைப்பது என்று அங்குள்ளவர்கள் தகராறு பண்ணி முடிவெடுக்கட்டும். பாதுகாப்புக்குப் பாதகமில்லாதவரை உங்களுக்குப் பிடிக்காத முடிவையும் விட்டுவிடுங்கள். திரும்பியபின் மாதம் ஒரு தடவை, முதல் நாள் குறித்த அதே கோணத்தில் எடுத்த படங்களை அனுப்பச் சொல்லி, பதிலும் எழுதுங்கள்.

அங்கே நோயாளிக்கு ஆபத்தான ஒரு விஷயத்தைக் கண்டால் பேசாமல் இருப்பதா? நான் விருந்தாளி அல்லவா?

பேசாமல் இருக்கக்கூடாது. ஆனால் எல்லார் முன்னும் சொல்லவும் கூடாது. ஊசிப் பெட்டி நிரம்பி ஊசிகள் வெளியே நிற்பது, பெயரில்லாத ஊசிக்குழாயில் மருந்து ஏற்றி வைத்திருப்பது போன்ற உடனடி ஆபத்தென்றால், அந்த இடத்திலேயே பொறுப்பான தாதியிடம் தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். அன்று மாலையே பணிப்பாளரிடமும் தனியே சொல்லுங்கள். அவருக்கு முன்னால் அமைச்சுக்கு எழுதாதீர்கள்.

உங்களுக்கு அந்த நாட்டில் மருத்துவப் பதிவு இல்லை. எனவே நீங்களே நோயாளியைத் தொட்டுச் சிகிச்சை செய்யவோ மருந்துக் கட்டளையை மாற்றவோ முடியாது. படமெடுத்து இங்குள்ளவர்களுக்கு அனுப்புவதும் கூடாது. நாடு திரும்பியதும் சமர்ப்பிக்கும் அறிக்கையில் அந்தச் சம்பவத்தை எழுதத் தேவையில்லை. ஐந்தாம் நாள் பணிப்பாளர் கையொப்பமிடும் மூன்று மாதத் திட்டத்தில் ஊசிப் பெட்டி முக்கால்வாசி நிரம்பியதும் மாற்றுவது யார் பொறுப்பு என்ற வரி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.